புளூகிராஸ்: பான்ஜோவைத் தாண்டி எதைக் கேட்பது?

தெற்குவாசல்:

'பானி அண்ட் கிளைட்' படத்தில் கார்கள் துரத்திக்கொண்டு ஓடும்போது பின்னால் பான்ஜோ என்கிற தந்தி வாத்தியம் தடதடக்குமே, அதைத் தேடிப் போனதில்தான் அமெரிக்காவில் புளூகிராஸ் என்று ஒரு இசை இருப்பதே தெரிந்தது. அந்தத் துண்டின் பெயர் 'ஃபாகி மவுண்டன் பிரேக்டவுன்'. வாசித்தவர் ஏர்ல் ஸ்க்ரக்ஸ். மூன்று நிமிடம்கூட இல்லை, திரும்பத் திரும்பக் கேட்டுவிட்டேன்.

அந்த ஆசையில் நீளமான தொகுப்பு ஒன்றைப் போட்டேன். ஐந்தாறு பாட்டுக்குள் அலுத்துவிட்டது. அதே வேகம், அதே பான்ஜோ, மூக்கால் பாடுகிற அதே குரல். ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கியதே சில இடங்களில் தெரியவில்லை. நான் ராஜா, கொஞ்சம் கர்நாடகம், கல்லூரி நாட்களில் ராக் என்று கேட்டு வளர்ந்தவன். பழகினால் பிடிக்குமா, இல்லை அந்த ஒரு துண்டோடு நிறுத்திக்கொள்ளலாமா? கேட்பவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

சும்மாஇரு:

நிறுத்திக்கொள்ளலாம். அடுத்த கேள்வி?

மெட்டுக்காரன்:

அவர் பேச்சை விடுங்கள், எல்லா இழையிலும் இதைத்தான் எழுதுவார்.

ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை கேட்கும்போது பான்ஜோவை விட்டுவிட்டு மாண்டலின் எங்கே இருக்கிறது என்று தேடுங்கள். இந்த இசையில் டிரம்ஸ் கிடையாது. ஆனாலும் கால் தானாகத் தட்டுகிறதல்லவா, அது எங்கிருந்து வருகிறது? ஆள் உயரப் பேஸ் முதல் தட்டிலும் மூன்றாம் தட்டிலும் 'தும்' என்று விழும். இரண்டிலும் நான்கிலும் மாண்டலின் 'சக்' என்று விழும். அந்தச் 'சக்' வருவதற்கு வலது கை தந்திகளை ஒரே வெட்டாக வெட்டும். அந்தக் கணமே இடது கை அழுத்தத்தை விட்டுவிடும், ஆனால் விரல்கள் தந்தியை விட்டு எழாது. ஸ்வரம் பிறந்தவுடனே அடங்கிவிடும், தாளம் மட்டும் மிஞ்சும். இதைச் 'சாப்' என்பார்கள். மாண்டலின்காரர் அதைக் கடுகளவு முன்னால் தள்ளி வைத்தால் மொத்தக் குழுவும் முன்னால் சாயும். நீங்கள் வேகம் என்று நினைப்பதில் பாதி இந்தத் தள்ளல்தான்.

அப்புறம் வேடிக்கை என்னவென்றால், மாண்டலின்காரர் தனியாக வாசிக்க முன்னால் வரும்போது சாப் நின்றுவிடுமே, அந்த வேலையை யார் எடுத்துக்கொள்கிறார்? சில நேரம் பான்ஜோ, சில நேரம் ஃபிடில் (நம் வயலின்தான்) வில்லைத் தந்தியில் தட்டிச் செய்யும். யார் முன்னால் வருகிறார், அவர் விட்டுவந்த இடத்தை யார் நிரப்புகிறார் என்பதைப் பின்தொடர ஆரம்பித்தால் எந்தப் பாட்டும் இன்னொன்று மாதிரி இருக்காது.

தொடங்குவதற்கு வேகமே இல்லாத ஒன்று சொல்கிறேன்: இந்த இசையைத் தொடங்கிவைத்த பில் மன்றோவின் 'ப்ளூ மூன் ஆஃப் கென்டக்கி', 1946-இல் பதிவானது. மூன்று தட்டில் வால்ட்ஸ் நடையில் ஆடி அசைந்து போகும். அதையே 1954-இல் எல்விஸ் பிரெஸ்லி தன் முதல் இசைத்தட்டின் மறுபக்கத்தில் நான்கு தட்டாக மாற்றித் துள்ள வைத்தார். மன்றோ கோபித்துக்கொள்ளவில்லை. அதே ஆண்டு அவரே மறுபடி பதிவு செய்தார். பழைய மூன்று தட்டில் தொடங்கிப் பாதியில் வேக நடைக்குத் தாவினார். மூன்றையும் வரிசையாகக் கேளுங்கள்.

பழையதட்டு:

மெட்டுக்காரன் நன்றாகச் சொன்னார். ஆளைப் பற்றியும் கொஞ்சம் தெரிந்துகொண்டு கேட்டால் இன்னும் ருசிக்கும்.

மன்றோ 1911-இல் கென்டக்கி மாநிலத்தில் ரோஸீன் என்கிற சிற்றூரில் பிறந்தவர், எட்டுப் பிள்ளைகளில் கடைசி. ஃபிடிலையும் கிட்டாரையும் அண்ணன்மார் எடுத்துக்கொண்டார்கள், யாருக்கும் வேண்டாத மாண்டலின் இவருக்கு வந்தது. சின்னப் பயல் சத்தம் போடக்கூடாது என்று எட்டுத் தந்தியில் நான்கைக் கழற்றிவிட்டு வாசிக்கச் சொன்னார்களாம். அம்மாவும் அப்பாவும் சிறு வயதிலேயே போய்விட, தாய்மாமன் பென் வாண்டிவர் வீட்டில் தங்கினார். மாமன் ஊர் நடனங்களுக்கு ஃபிடில் வாசிப்பவர், பையன் அவருக்குப் பக்கவாத்தியம். அதே வட்டாரத்தில் ஆர்னால்ட் ஷுல்ட்ஸ் என்கிற கறுப்பினக் கிட்டார் கலைஞர் இருந்தார், சுரங்கத் தொழிலாளி. அவரோடும் நடனங்களுக்கு வாசித்திருக்கிறார். ப்ளூஸ் மன்றோவுக்குள் நுழைந்தது அந்த வழியாக. இதை அவரே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

1939-இல் நாஷ்வில்லின் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' வானொலி நிகழ்ச்சியில் இடம் கிடைத்தது. குழுவின் பெயர் 'புளூ கிராஸ் பாய்ஸ்'. சொந்த மாநிலத்துப் புல்லின் பெயரைக் குழுவுக்கு வைத்தார். பின்னாளில் ரசிகர்கள் அந்தப் பெயரையே இசைக்கு வைத்துவிட்டார்கள். 1945 டிசம்பரில் ஏர்ல் ஸ்க்ரக்ஸ் வந்து சேர்ந்தார், வயது 21. மன்றோ மாண்டலின், லெஸ்டர் ஃப்ளாட் கிட்டார், ஸ்க்ரக்ஸ் பான்ஜோ, சப்பி வைஸ் ஃபிடில், ஹோவர்ட் வாட்ஸ் பேஸ். 1946, 47-இல் இந்த ஐந்து பேரும் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்குப் பதிவு செய்தவைதான் எங்களைப் போன்றவர்களுக்கு மூலநூல்.

1948-இல் ஃப்ளாட்டும் ஸ்க்ரக்ஸும் விலகித் தனிக்குழு கண்டார்கள். மன்றோவுக்கு அது ஆறவே இல்லை. இருபது ஆண்டுக்கு மேல் ஃப்ளாட்டோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. 1971-இல் இண்டியானாவில் மன்றோ நடத்திய பீன் ப்ளாசம் விழாவில்தான் இருவரும் மேடையில் கைகுலுக்கினார்கள். அவர் வன்மத்துக்கு இன்னொரு சான்று: பழுதுபார்க்க அனுப்பிய மாண்டலினைத் தான் கேட்டபடி செய்து தரவில்லை என்று, அதன் தலைப்பகுதியில் பதித்திருந்த 'கிப்சன்' என்ற நிறுவனப் பெயரையே கத்தியால் சுரண்டி எடுத்தார். அந்த மாண்டலின் 1923-இல் செய்தது, மயாமியில் ஒரு முடிதிருத்தகத்தின் சன்னலில் பார்த்து 150 டாலருக்கு வாங்கியது. 1985-இல் யாரோ வீடு புகுந்து அதைச் சுக்குநூறாக உடைத்தபோது, சில்லு சில்லாகச் சேர்த்து ஒட்டிக் கொடுத்ததும் அதே கிப்சன் ஆட்கள்தான்.

சும்மாஇரு:

ஐயா, வரலாறெல்லாம் சரி. ஆனால் இது மலையில் இருந்த வெள்ளைக்காரர்கள் நூற்றாண்டுக் கணக்கில் வாசலில் உட்கார்ந்து பாடிய கிராமியப் பாட்டுதானே? நாட்டுப்புறப் பாட்டு என்றால் ஒரே மாதிரிதான் இருக்கும். இதற்கு ஏன் இத்தனை ஆராய்ச்சி?

மெட்டுக்காரன்:

ஒரே வரியில் இரண்டு தப்பு.

முதலாவது, இது பழங்கால இசை இல்லை. ஸ்க்ரக்ஸ் மன்றோவோடு சேர்ந்த அன்று சென்னை பிராட்வே தியேட்டரில் பாகவதரின் 'ஹரிதாஸ்' ஓடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் இதன் வயது. வானொலிக்காகவும் இசைத்தட்டுக்காகவும் தொழில்முறைக் கலைஞர்கள் கட்டியமைத்த மேடை இசை இது. கச்சிதமான உடை, தொப்பி, ஒரு பாட்டுக்கு மூன்று நிமிடம், யார் எப்போது மைக்குக்கு வருவது என்ற கணக்கு. அந்தக் காலத்தில் மேடையில் ஒரே மைக். பாடுபவர் விலக, ஃபிடில்காரர் நுழைய, பான்ஜோக்காரர் பின்வாங்க, ஒருவர்மேல் ஒருவர் இடிக்காமல் வாத்தியங்களோடு சுழல்வார்கள். டெல் மெக்கூரி குழு பல காலம் கழித்து மறுபடி ஒரே மைக்குக்குப் போனது; காணொளி கிடைத்தால் பாருங்கள். 1959-இல் ஆலன் லோமாக்ஸ் என்கிற நாட்டார் இசை ஆய்வாளர் ஒரு பத்திரிகையில் இதை 'ஓவர்டிரைவ் போட்ட நாட்டுப்புற இசை' என்று எழுதினார். வேர் பழசு, எஞ்சின் புதுசு.

இரண்டாவது தப்புக்கு ஐந்தாம்தந்தி வருவார், பான்ஜோ அவர் பேட்டை.

ஐந்தாம்தந்தி:

வந்துவிட்டேன்.

பான்ஜோ வெள்ளைக்காரர் வாத்தியமே இல்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் செனகல், காம்பியா பக்கம் ஜோலா மக்களிடம் 'அகோன்டிங்' என்று ஒன்று இருக்கிறது. சுரைக்குடுக்கை உடல், அதன்மேல் தோல், நீண்ட கழி, மற்றவற்றைவிடக் குட்டையாக ஒரு தந்தி. அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட ஆப்பிரிக்கர்கள் அந்த மாதிரி வாத்தியங்களைப் பற்றிய நினைவோடு கரீபியத் தீவுகளுக்கும் அமெரிக்காவுக்கும் வந்தார்கள், கிடைத்த சுரைக்காயில் புதிதாகச் செய்துகொண்டார்கள். அவர்களிடமிருந்து கற்ற வெள்ளையர்கள் 19-ஆம் நூற்றாண்டில் முகத்தில் கரி பூசிக்கொண்டு அவர்களையே கேலி செய்யும் மேடை நிகழ்ச்சிகளில் அதை வாசித்தார்கள். இந்த அசிங்கம் இந்த வாத்தியத்தின் வரலாற்றிலிருந்து பிரிக்க முடியாதது. கறுப்பின மக்கள் பலர் பான்ஜோவை விட்டு விலகியதற்கு அதுவும் ஒரு காரணம்.

வட கரோலினாவில் ஜோ தாம்ப்ஸன் என்கிற முதிய கறுப்பின ஃபிடில்காரர் இருந்தார். ரியானன் கிடன்ஸும் இன்னும் இரண்டு பேரும் அவரிடம் போய் உட்கார்ந்து கற்றுக்கொண்டு 'கரோலினா சாக்லேட் டிராப்ஸ்' என்ற குழுவாக வாசித்தார்கள். 2011-இல் அவர்களுக்கு கிராமி கிடைத்தது. அவர்கள் வாசித்தது புளூகிராஸுக்கு முந்திய சரக்கு. ஆனால் அதைக் கேட்டால்தான் ஸ்க்ரக்ஸ் என்ன மாற்றினார் என்பது புரியும்.

சரி, அவர் என்ன மாற்றினார்? கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல். மூன்றிலும் நகம்போல் மாட்டும் பிக். மூன்று விரலும் முறை வைத்து ஓயாமல் மீட்டும். ஒரு சுற்றுக்கு எட்டு ஸ்வரம், ஆனால் விரல் மூன்று. அதனால் அழுத்தம் 3, 3, 2 என்று விழும். கீழே பேஸ் நேராக நடக்கும், மேலே இது சாய்ந்து சாய்ந்து போகும். தாளம் போட்டுக் கேட்டுப் பழகிய உங்களுக்கு இதைத் தொடையில் தட்டிப் பிடிக்க இரண்டு நிமிடம் போதும். மூன்று விரலால் வாசித்தவர்கள் கரோலினாவில் அவருக்கு முன்பே இருந்தார்கள். அதை இவ்வளவு சீராக, மெட்டுத் தொலையாமல், எந்த வேகத்திலும் வாசித்துக் காட்டியவர் அவர்.

ஐந்தாவது தந்தி பாதி வழியில், கழுத்தின் ஐந்தாம் கட்டையிலிருந்து தொடங்கும். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும், ஆனால் ஸ்ருதியில் எல்லாவற்றுக்கும் மேல். அதை இடது கை பெரும்பாலும் தொடுவதே இல்லை, நடுநடுவே ஒரே ஸ்வரத்தில் மணி அடித்துக்கொண்டே இருக்கும்.

தெற்குவாசல்:

இவ்வளவு விவரமாக வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. 'ப்ளூ மூன்' மூன்றும் கேட்டேன். 1946 பதிவுதான் எனக்கு. சாப் இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறது, கேட்காமல் இருக்கத்தான் முடியவில்லை!

'ஃபாகி மவுண்டன்' துண்டில் ஒரு சந்தேகம். நடுவில் ஒரு கோர்ட் வரும்போது ஏதோ உரசுகிற மாதிரி இருக்கிறது. பழைய பதிவு என்பதாலா?

ஐந்தாம்தந்தி:

ஆஹா, நல்ல காது. 1949 பதிவில் பான்ஜோ அந்த இடத்தில் ஈ மைனர் வாசிக்கிறது, லெஸ்டர் ஃப்ளாட் கிட்டாரில் ஈ மேஜர் பிடிக்கிறார். இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். பாடம் எடுப்பவர்கள் தவறு என்பார்கள். எனக்கு அந்த உரசல் இல்லாமல் அந்தத் துண்டே இல்லை.

வில்லும்தந்தியும்:

எல்லோரும் வாத்தியத்தையே பேசுகிறீர்கள். 'மூக்கால் பாடும் குரல்' என்று தெற்குவாசல் சொன்னதை யாரும் தொடவில்லையே.

நான் வயலின்காரி, ஃபிடிலுக்காகத்தான் உள்ளே போனேன். என்னைப் பிடித்து நிறுத்தியது குரல்கள். மெட்டைப் பாடுபவர் ஒருவர். அவருக்கு மேலே டெனர், கீழே பாரிடோன். மேலே பாடுபவர் ஆண், ஆனால் குரல் கிழிந்துவிடுமோ என்று பயப்படும் உயரத்தில் நிற்பார். அதிர்வு இல்லை, குழைவு இல்லை, நேர்க்கோடு. மன்றோ வேண்டுமென்றே ஸ்ருதியை ஏற்றி பி, பி ஃபிளாட்டில் எல்லாம் பாடினார். கமகத்திலேயே வளர்ந்த காதுக்கு முதலில் இது மொட்டையாகத்தான் இருக்கும். ஆனால் காந்தார ஸ்வரத்தைக் கவனியுங்கள். மேஜரும் இல்லாமல் மைனரும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ வைப்பார்கள். பியானோவில் அந்த ஸ்வரம் கிடையாது.

ஸ்டான்லி சகோதரர்களைக் கேளுங்கள், வர்ஜீனியாவின் கிளிஞ்ச் மலைப்பகுதிக்காரர்கள். அண்ணன் கார்ட்டர் மெட்டு, தம்பி ரால்ஃப் டெனரும் பான்ஜோவும். அண்ணன் 1966-இல் இறந்துவிட்டார், வயது 41. தம்பி 2016-இல் இறக்கும்வரை பாடினார். 2000-இல் வந்த 'ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ?' படத்துக்காக எழுபது வயதுக்கு மேல் 'ஓ டெத்' பாடினாரே, அதில் ஒரு வாத்தியமும் இல்லை. அவர் வளர்ந்த பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வாத்தியமே வைக்கமாட்டார்கள், வெறும் குரல்தான். அந்தப் பழக்கம் அப்படியே இருக்கிறது. இரவில் தனியாகக் கேட்காதீர்கள்.

தெற்குவாசல்:

அக்கா, கேட்டுவிட்டேன். தனியாகத்தான்.

இன்னொன்று கேட்க வேண்டும். வரிகளைப் படித்துப் பார்த்தேன். இசை குதூகலமாக ஓடுகிறது, வரியில் அம்மா செத்துப்போகிறாள், வீடு இடிந்து கிடக்கிறது, காதலியை ஆற்றில் தள்ளுகிறான். என்ன கணக்கு இது?

வில்லும்தந்தியும்:

காதலியைக் கொல்லும் பாட்டுகள் பல பிரிட்டனிலிருந்து கப்பலில் வந்தவை. 'பிரெட்டி பாலி', 'நாக்ஸ்வில் கேர்ள்' எல்லாம் அந்த வகை. எனக்கு அவற்றோடு சமாதானம் கிடையாது. இசை அழகு, பாடுபவர் அழகு, ஆனால் ஒவ்வொரு முறையும் சாகிறவள் அவள்தான். தவிர்த்துவிட்டுப் போகிறேன், ரசிகர்கள் கோபித்தாலும் சரி.

கேரிவாசி:

வீடு, அம்மா, பழைய பாதை ஆகியவற்றுக்குக் காரணம் இருக்கிறது. நான் வட கரோலினாவில் இருக்கிறேன், இந்த ஊர்க்காரர்கள் சொல்லிக் கேட்டது, பிறகு படித்தது.

அப்பலாச்சிய மலைகளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் பிழைப்புக்காக வடக்கே போனார்கள். டெட்ராய்ட் கார் தொழிற்சாலை, ஒஹாயோவின் டேட்டன், சின்சினாட்டி, இந்தப் பக்கம் பால்டிமோர். அங்கே அவர்கள் பேச்சையும் உடையையும் கேலி செய்தார்கள். வார இறுதியில் மதுக்கடையில் உட்கார்ந்து விட்டுவந்த வீட்டைப் பற்றிப் பாடினார்கள். புளூகிராஸ் மலையில் வளர்ந்ததைவிட இந்தத் தொழில் நகரங்களில் வளர்ந்தது அதிகம் என்றுகூடச் சொல்லலாம். ஆஸ்போர்ன் சகோதரர்கள் கென்டக்கியின் ஹைடனில் பிறந்து டேட்டனில் வளர்ந்தவர்கள். 1967-இல் அவர்கள் பாடிய 'ராக்கி டாப்' இன்று டென்னசியின் மாநிலப் பாடல்களில் ஒன்று.

அக்காவுக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: ஹேசல் டிக்கன்ஸ். மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கக் குடும்பம், பதினோரு பிள்ளைகள். பால்டிமோருக்குப் போய்த் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். ஆலிஸ் ஜெரார்டோடு சேர்ந்து 1965-இல் ஓர் இசைத்தட்டு. பெண்கள் இருவர் தலைமையில் புளூகிராஸ் என்பது அப்போது அரிது. அண்ணன் சுரங்கத் தூசியால் நுரையீரல் கறுத்து இறந்ததும் 'பிளாக் லங்' எழுதினார். 'ஹார்லன் கவுன்ட்டி யுஎஸ்ஏ' என்ற ஆவணப்படம் சுரங்க வேலைநிறுத்தத்தைப் பற்றியது, ஆஸ்கர் வாங்கியது. அதிலும் அவர் பாட்டு இருக்கிறது. குரல் கத்தி மாதிரி கூர்மை. இனிமை எதிர்பார்க்க வேண்டாம்.

வில்லும்தந்தியும்:

தெரியாத பெயர். இப்போதே கேட்கப் போகிறேன்.

பிறகு சேர்த்தது: 'பிளாக் லங்' கேட்டேன். இதற்கு மேல் எழுத வரவில்லை.

மெட்டுக்காரன்:

கேரிவாசி, ராலியில் நடந்த அந்த விழாவுக்குப் போயிருக்கிறீர்களா? எழுதுங்களேன்.

கேரிவாசி:

போயிருக்கிறேன். சர்வதேச புளூகிராஸ் சங்கம் 2013-லிருந்து 2024 வரை ஆண்டுதோறும் ராலியில் நடத்தியது, அப்புறம் டென்னசியின் சாட்டனூகாவுக்கு மாற்றிவிட்டார்கள். ஊரின் நடுத்தெருவை அடைத்து மேடைகள் போடுவார்கள், தெருக் கச்சேரிகளுக்குக் காசு கிடையாது. ஆனால் எனக்குப் பிடித்தது மேடை இல்லை. ஓட்டல் வராந்தா, கார் நிறுத்துமிடம், மின்தூக்கிக்கு முன்னால் என்று கிடைத்த இடத்தில் எல்லாம் ஏழெட்டுப் பேர் வட்டமாக நின்று வாசிப்பார்கள். ஒருவருக்கொருவர் பெயர்கூடத் தெரியாது.

பக்கத்தில் நின்று பார்த்தால் சில சட்டங்கள் பிடிபடும். பாட்டைத் தொடங்குபவர் ஸ்ருதியைச் சொல்வார். ஒரு சரணம் முடிந்ததும் யாரையாவது பார்த்துத் தலையசைப்பார், அவர் தனி வாசிக்க வேண்டும். தெரியாதென்றால் தலையை ஆட்டினால் போதும், அடுத்தவருக்குப் போய்விடும், யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். ஒருவர் பாடும்போது மற்றவர்கள் சத்தத்தைக் குறைத்தே ஆகவேண்டும். முடிக்கப் போகிறார் என்றால் ஒரு காலைத் தூக்குவார், அத்தனை பேரும் ஒரே தட்டில் நிறுத்துவார்கள். ஒரு பத்து வயதுப் பெண் காலைத் தூக்கி எழுபது வயதுக்காரர்களை நிறுத்தியதைப் பார்த்தேன்.

பான்ஜோக்காரர்களிடம் ஒரு வினோதம். ஸ்ருதி ஏற்றும்போது நான்கு தந்திக்கும் கேப்போ என்கிற கவ்வியைப் போட்டுவிடலாம், அந்தக் குட்டை ஐந்தாம் தந்திக்கு என்ன செய்வது? பொம்மை ரயில் தண்டவாளத்துக்கு அடிக்கும் குட்டி ஆணியைக் கழுத்தில் அறைந்து வைத்திருக்கிறார்கள். தந்தியை அதற்கடியில் செருகினால் ஸ்ருதி ஏறிவிடும். ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ள வாத்தியத்தில் பொம்மைக்கடை ஆணி.

சும்மாஇரு:

இது நன்றாக இருக்கிறது. ஒத்துக்கொள்கிறேன், கால் தூக்குகிற விஷயத்துக்காக மட்டும்.

நேற்று பில்லி ஸ்டிரிங்ஸ் என்று ஒருவர் காணொளி வந்தது. நீண்ட தலைமுடி, வண்ண விளக்கு, ஒரே பாட்டை முடிக்காமல் இழுக்கிறார், கிட்டாரில் ராக் கச்சேரி போல எஃபெக்ட். இதுவும் புளூகிராஸ்தானா?

பழையதட்டு:

பையன் கைவேலைக்காரன், மறுக்கவில்லை. 'ஹோம்' தொகுப்புக்கு 2021-இல் கிராமியும் வாங்கினான். ஆனால் பெடலைக் காலால் அழுத்தி ஒலியைக் குழப்பினால் அது வேறு சரக்கு. மூன்று நிமிடத்தில் சொல்ல முடியாததை இருபது நிமிடத்தில் சொல்லிவிட முடியாது.

மெட்டுக்காரன்:

ஐயா, மன்னிக்கவும், நீங்கள் மூலநூல் என்று சொன்ன அந்த மன்றோவே 1945 பதிவில் குழுவில் அக்கார்டியன் வைத்திருந்தார். வாசித்தவர் சாலி ஆன் ஃபாரஸ்டர். தூய்மை எங்கே தொடங்குகிறது? 1971-இல் மாண்டலின்காரர் சாம் புஷ்ஷும் நண்பர்களும் 'நியூ கிராஸ் ரிவைவல்' தொடங்கியபோது தலைமுடியைப் பார்த்தே திட்டினார்கள். இன்று அந்த சாம் புஷ் இல்லாமல் கொலராடோவின் டெல்யுரைடு விழா இல்லை.

பில்லி ஸ்டிரிங்ஸ் பழைய பாட்டு ஒன்றைப் பெடல் இல்லாமல் வாசிக்கும் காணொளியும் இருக்கும், தேடுங்கள். வலது கை எங்கிருந்து வருகிறது என்று தெரியும். டாக் வாட்ஸனிலிருந்து. பார்வையற்றவர், வட கரோலினாவின் டீப் கேப் ஊர்க்காரர், ஃபிடில் மெட்டுகளைக் கிட்டாரில் அதே வேகத்தில் வாசித்துக் காட்டியவர். மோலி டட்டிலையும் விடாதீர்கள். 2017-இல் சங்கத்தின் கிட்டார் விருதை வாங்கிய முதல் பெண் அவர்.

டாக் வாட்ஸனுக்கும் இவர்களுக்கும் நடுவில் டோனி ரைஸ். இவரைப் பற்றி மட்டும் தனி இழை போட வேண்டும். அவர் வாசித்த 1935 மார்ட்டின் கிட்டார் ஒரு காலத்தில் கிளாரன்ஸ் ஒயிட் என்பவருடையது. ஒலித்துளை வழக்கத்தைவிட அகலமாக இருக்கும், படத்தில் பார்த்தாலே அடையாளம் தெரியும். 1994-க்குப் பிறகு தொண்டை போய்விட்டது, பாடவே முடியவில்லை. கிட்டார் மட்டும் வாசித்தார். 2020 கிறிஸ்துமஸ் அன்று இறந்தார். 1979-இல் வந்த 'மன்சனீட்டா' தொகுப்பில் பான்ஜோவே கிடையாது. தெற்குவாசல், உங்களுக்கு அது பிடிக்கும் என்று தோன்றுகிறது.

பழையதட்டு:

அக்கார்டியன் விஷயம் எனக்குத் தெரியும் தம்பி. அதை எடுத்துவிட்ட பிறகுதான் இசை சரியாக அமைந்தது என்பது என் கட்சி. டோனி ரைஸ் விஷயத்தில் சண்டை இல்லை.

தெற்குவாசல்:

மாண்டலின் என்றதும் எனக்கு நம் உ. ஸ்ரீநிவாஸ்தான் நினைவுக்கு வருகிறார். மன்றோவும் அவரும் வாசித்தது ஒரே வாத்தியம்தானா?

வில்லும்தந்தியும்:

பெயர் ஒன்று, ஆனால் பழக்கம் நேர் எதிர். மன்றோவுடையது மின்சாரமில்லாதது, நான்கு ஜோடித் தந்தி. ஸ்வரம் சீக்கிரம் அடங்கிவிடும் என்பதையே பலமாக்கிக்கொண்டார். ஸ்ரீநிவாஸ் ஜோடிகளை விட்டு, ஒற்றைத் தந்திகள் ஐந்து வைத்து மின்சாரத்தில் ஸ்வரத்தை நீட்டினார். இல்லையென்றால் கமகம் நிற்காது.

இந்திய இசையோடு நேரடியாகச் சேர்ந்து வாசித்ததும் உண்டு. 1995-இல் விஷ்வமோகன் பட்டும் டோப்ரோ என்கிற கிட்டார் வகையை வாசிக்கும் ஜெர்ரி டக்ளஸும் பேஸ்காரர் எட்கர் மேயரோடு ஒரு தொகுப்பு செய்தார்கள். பான்ஜோ பேலா ஃப்ளெக், ஜாகிர் உசேன், எட்கர் மேயர், புல்லாங்குழல் ராகேஷ் சௌராசியா நால்வரும் வெளியிட்ட 'ஆஸ் வீ ஸ்பீக்' 2024-இல் கிராமி வாங்கியது. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் புளூகிராஸ் பழகுவதற்கு அது வழி இல்லை, அது வேறு வீடு.

தெற்குவாசல்:

'மன்சனீட்டா' இரண்டு நாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. பான்ஜோ இல்லாமலேயே பான்ஜோ கேட்கிற மாதிரி இருக்கிறது, இது என்ன வியாதி என்று தெரியவில்லை. பழைய தொகுப்பையும் மறுபடி போட்டேன். அதில் இரண்டாவது பாட்டு ஸ்டான்லி சகோதரர்களாம்! அலுத்துப்போய்த் தள்ளிவிட்டிருக்கிறேன்.

ஒரு கடைசிக் கேள்வி. பான்ஜோ வாங்கலாமா?

ஐந்தாம்தந்தி:

யோசித்து வாங்குங்கள். நான் இணையத்தில் மலிவாகக் கிடைத்த ஒன்றை வாங்கி, கழுத்து வளைந்து வந்து, திருப்பி அனுப்ப முடியாமல் அலைந்தேன். தோலுக்குப் பதில் இப்போது பிளாஸ்டிக் விரிப்புதான், அதனால் கடற்கரை ஊர் ஈரம் அதை ஒன்றும் செய்யாது. ஆனால் மரக் கழுத்தும் தந்திகளும் பாடாய்ப் படுத்தும். பக்கத்து வீட்டுக்காரர்கள் இன்னும் அதிகம். கையில் கிட்டார் இருந்தால் அதிலேயே தொடங்குங்கள். பேஸ் ஸ்வரம் ஒன்று, கீழே ஒரு வீச்சு, மறுபடி பேஸ், வீச்சு. அப்புறம் வரி முடியும் இடத்தில் லெஸ்டர் ஃப்ளாட் வைக்கும் அந்த ஜி ரன், அதாவது ஜி கோர்டில் போய் முடியும் சின்ன ஸ்வர வரிசை. அது சரியாக விழுந்துவிட்டால் குழுவில் உங்களுக்கு இடம் உறுதி.

அது சரி, சென்னையில் யாராவது இருக்கிறீர்களா? என்னிடம் பான்ஜோ இருக்கிறது, மாண்டலின் வாசிக்கும் நண்பர் ஒருவர் இருக்கிறார். அக்கா வந்தால் ஃபிடில். ஞாயிறு காலை பெசன்ட் நகர் பக்கம் உட்காரலாம்.

வில்லும்தந்தியும்:

வருகிறேன். வயலின் ஸ்ருதியை மாற்றி வைக்க வேண்டும், அரை மணி முன்னால் வருவேன். 'நாக்ஸ்வில் கேர்ள்' வாசிக்கமாட்டேன், இப்போதே சொல்லிவிட்டேன்.

சும்மாஇரு:

எனக்குக் கிட்டாரில் மூன்று கோர்ட் தெரியும். வரலாமா?

ஐந்தாம்தந்தி:

ஜி, சி, டி-தானே?

சும்மாஇரு:

ஆமாம்.

ஐந்தாம்தந்தி:

அப்புறம் என்ன, வாருங்கள்.